நரம்பு எது, நரம்பு இல்லாதது எது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி போன பிறகு, ஆறு வருடமாக அவரைக் கூட்டிக்கொண்டு நரம்பியல் மருத்துவர், பாதப் பராமரிப்புப் பிரிவு, பிசியோதெரபி என்று போய்வருகிறேன். அதனால் சொந்தக்காரர்களும் தெருவில் இருப்பவர்களும் நரம்பு பற்றிய சந்தேகம் எதுவானாலும் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அது நரம்புதானே?

இல்லை, அது ரத்தக்குழாய், சிரை. "நரம்பு ஊசி" என்று நாம் சொல்வதும் சிரையில் போடுவதுதான். நிஜமான நரம்பில் ஊசி பட்டால் ஷாக் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொள்வோம். கெண்டைக்காலில் முறுக்கிக்கொண்டு தெரியும் "நரம்புச் சுருட்டல்" கூட சிரையின் கோளாறு, அதற்குப் பார்க்க வேண்டியது ரத்தநாள அறுவை மருத்துவரை. மணிக்கட்டை மடக்கினால் கயிறு மாதிரி விறைத்து நிற்பது தசைநாண், அதுவும் நரம்பில்லை.

மொழியைக் குறை சொல்ல முடியாது. யாழில் கட்டிய தந்தியும் தமிழில் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு. நீளமாக, இழுத்துக் கட்டினது போல இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். ஆனால் ஆஸ்பத்திரியில் போய் "நரம்பு வலி" என்று ஒரே வார்த்தையில் சொன்னால், ரத்த ஓட்டப் பிரச்சினையா, தசையா, உண்மையிலேயே நரம்பா என்று மருத்துவர் முதலிலிருந்து தோண்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கே, எப்படி, எரிச்சலா மரப்பா பலவீனமா என்று சொல்லுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நிஜ நரம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமா? முழங்கையை மடக்குங்கள். உள்பக்கம் ஒரு எலும்பு முண்டு இருக்கும், முழங்கை நுனியில் இன்னொரு முண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக உருட்டினால், நனைந்த நூல்கயிறு மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு நகரும், சுண்டுவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும் சுரீர் என்று ஓடும். கதவில் முழங்கை இடித்தால் "கரண்ட் அடிச்சிருச்சு" என்று உதறுகிறோமே, அந்த நரம்பு இதுதான். உடலிலேயே பெரிய நரம்பு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு, தொடங்கும் இடத்தில் கட்டைவிரல் அகலம் இருக்கும்.

நரம்பில் ஓடுவது உண்மையிலேயே கரண்டா?

மின்சாரம்தான், ஆனால் வீட்டு ஒயரில் ஓடுவது போல இல்லை. நரம்பணுவின் (நரம்புச் செல்லின்) உள்பக்கம் வெளிப்பக்கத்தை விடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். ஒரு இடத்தில் தூண்டல் வந்ததும் அங்கே உள்ள சின்னச் சின்ன வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, அந்த மாற்றம் பக்கத்து வாசலைத் திறக்கிறது, அது அடுத்ததை. சரவெடி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே போகும், திரியின் முனையில் வைத்த நெருப்பு அப்படியே கடைசி வரை ஓடுவதில்லை. நரம்பின் விசேஷம் என்னவென்றால் வெடித்த இடம் ஓரிரு மில்லிசெகண்டில் மறுபடி தயாராகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆனது. இத்தாலியில் கால்வானி இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை 1791-இல் எழுதினார். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்து காட்டினார், வினாடிக்கு 30 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணம் நினைத்த கணத்திலேயே உடம்புக்குப் போய்விடும் என்று அதுவரை நம்பியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. பிறகு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் (நரம்பணுவிலிருந்து நீளும் இழையில்) மின்முனையைச் செருகி, சோடியம், பொட்டாசியம் கணக்கை 1952-இல் வெளியிட்டார்கள், 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேயே இன்னொன்று. வயதானவர்களை அட்மிட் செய்யும்போது "சோடியம் குறைஞ்சிடுச்சு" என்று அடிக்கடி சொல்வார்கள். ரத்தத்தில் சோடியம் வேகமாக இறங்கினால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன, அதனால்தான் நேற்று வரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார், சிலருக்கு வலிப்பும் வருகிறது. வயதான காலம், புத்தி தடுமாறுகிறது என்று விட்டுவிடாமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுளீர், கொஞ்சம் கழித்து வேறு மாதிரி வலி. ஏன் இரண்டு தடவை?

இரண்டு வேறு தடங்கள், இரண்டு வேறு வேகம். சில நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும், உறை போட்ட இழையில் செய்தி தாவித் தாவிப் போகும். தசைகளுக்குப் போகும் தடித்த இழைகளில் வினாடிக்கு 80 முதல் 120 மீட்டர். கூர்மையான வலியைச் சுமக்கும் மெல்லிய உறை போட்ட இழையில் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர். உறையே இல்லாத இழைகளில் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகம். எரிகிற, மந்தமான வலி அதில்தான் வருகிறது. பெருவிரலிலிருந்து தலைக்கு அது நடந்து வந்து சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும், உங்களுக்கு "ஐயோ" சொல்ல அவகாசம் கிடைக்கும்.

இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதும் கற்பனை இல்லை. தொடுகையைச் சுமக்கும் வேகமான இழைகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை அமுக்குகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் எழுதினார்கள். அதற்கு முன்பே அம்மாக்கள் எல்லாரும் தேய்த்துத்தான் விட்டார்கள்.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு வலிக்காது, ஆனால் இழுப்பது தெரிகிறதே?

அந்த மருந்து சோடியம் வாசல்களை அடைக்கிறது. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் முதலில் அடங்கும், அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் கடைசியில்தான். அதனால் மருந்து வேலை செய்யவில்லையோ என்று பயப்பட வேண்டாம். வலித்தால் மட்டும் கையைத் தூக்குங்கள்.

ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்கு எப்படித் தாண்டுகிறது?

பெரும்பாலும் ரசாயனத்தால். இரண்டுக்கும் நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது, சினாப்ஸ் என்பார்கள். மின்செய்தி முனைக்கு வந்ததும் அங்கே பையில் அடைத்து வைத்திருக்கும் ரசாயனம் கொட்டும், எதிர்க்கரையில் அதற்கென்றே உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டும்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி, 1920-களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி தூக்கத்தில் வந்த யோசனையைத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார், காலையில் அவரால் தன் கையெழுத்தையே படிக்க முடியவில்லை. மறுநாள் ராத்திரி அதே யோசனை திரும்ப வந்தது, இந்தத் தடவை எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார், அந்த இதயத்தைச் சுற்றி இருந்த திரவத்தை எடுத்து நரம்பே தூண்டப்படாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கொட்டியிருக்கிறது என்று நிரூபணமாயிற்று. பிறகு அதற்கு அசிட்டைல்கோலின் என்று பெயர் தெரிந்தது.

நம் ஊருக்கு இந்த இடைவெளி ரொம்ப முக்கியம், மூன்று ஆபத்துகள் இங்கேதான் வேலை செய்கின்றன. நல்ல பாம்பின் விஷம் எதிர்க்கரை ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு அசிட்டைல்கோலினை அண்டவிடாது. கட்டுவிரியன் விஷம் இன்னும் மோசம், ரசாயனத்தைக் கொட்டும் நரம்பு முனையையே அழிக்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரி, தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும், கடித்த இடம் வலிக்காது, வீங்காது, காலையில் இமை தூக்க முடியாமல் தொங்குவதுதான் பல நேரம் முதல் அடையாளம். அப்புறம் பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். தூங்கி எழுந்தவருக்கு இமை தொங்கினால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செயற்கை மூச்சில் சில நாள் தாங்கிவிட்டால் நரம்பு முனைகள் திரும்ப முளைக்கும், ஆள் பிழைத்துக்கொள்வார். இந்த விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நாம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது.

மூன்றாவது, வயலில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து. வேலை முடிந்த அசிட்டைல்கோலினைத் துடைத்து எடுக்கும் நொதியை இது முடக்கும், செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். எச்சில், கண்ணீர், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், தசை துள்ளும். தோல் வழியாகவே உள்ளே போகும். தெளித்துவிட்டு வந்தவருக்கு இப்படி இருந்தால் சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டு உடம்பைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரி.

நாய் கடித்தால் நரம்புக்கு என்ன சம்பந்தம்?

நரம்பணுவுக்குள் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு போக்குவரத்து இருக்கிறது. ரேபிஸ் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு முனைக்குள் நுழைந்து அந்த வண்டியிலேயே ஏறி மூளைக்குப் போகிறது. பயண தூரம் இருப்பதால்தான் தடுப்பூசிக்கு நேரம் கிடைக்கிறது, முகத்திலும் கழுத்திலும் கடித்தால் தூரம் குறைவு என்பதால்தான் அவ்வளவு அவசரம். குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அன்றைக்கே ஊசி. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்து, எறும்பு ஊர்கிறதே, நரம்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அது நசுங்கும்போது அதற்குப் போகும் ரத்தமும் குறைகிறது, செய்தி நிற்கிறது. அழுத்தம் எடுத்ததும் இழைகள் ஒழுங்கில்லாமல் தாமாகவே பொறி தட்டுகின்றன, அந்த எறும்பு அதுதான். ஓரிரு நிமிஷத்தில் சரியாகிவிடும். உட்காராமலே, நசுக்காமலே, இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் அது வேறு கதை, அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

சர்க்கரை நோய்க்காரருக்குப் பாதம் எரிகிறது, பிறகு எரிச்சல் தானாக நின்றுவிட்டது. குணமாகிவிட்டதுதானே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். அப்பாவுக்கு இரண்டு வருடம் ராத்திரி பாதம் எரிந்தது, போர்வை பட்டால்கூடப் பொறுக்கமாட்டார். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது, நிம்மதியாகத் தூங்கினார். ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார், வாசலிலிருந்து சமையல்கட்டு வரை தரையில் ஒரு அடிக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டு. திருப்பிப் பார்த்தால் வலது குதிகாலுக்குக் கீழே ஓட்டை. செருப்பை எடுத்துப் பார்த்தேன், ஒரு இஞ்ச் ஆணி அடிப்பக்கத்திலிருந்து ஏறி உள்ளே அரை இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார். "கல்லு ஏதோ இருக்கிற மாதிரிகூடத் தெரியலையேப்பா" என்றார், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது.

என்ன நடக்கிறது என்றால், பாதத்துக்குப் போகும் நரம்பிழைதான் உடலிலேயே நீளமானது, அதன் செல் கீழ்முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இழை ஒரு மீட்டர் நீளம். தேவையான எல்லாம் அங்கே தயாராகி, அவ்வளவு தூரம் வந்து சேர வேண்டும். சர்க்கரை அதிகமாக இருந்தால் இழையும் அதற்கு ரத்தம் தரும் மெல்லிய குழாய்களும் கெடுகின்றன, தூரத்தில் உள்ளது முதலில் பட்டினியாகும். அதனால்தான் கால் விரலில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட அளவுக்கு மேலே ஏறும், பிறகு கைவிரல். நரம்பு கெட ஆரம்பிக்கும்போது எரியும். செத்துவிட்டால் எரியாது. எரிச்சல் தானாக நின்றது குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை உலகத்துக்கு அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்கு அங்கே பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை, பக்கத்தில் இருந்த தொழுநோய்ச் சிறுவன் வாங்கிச் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் ரத்தம், சதை கிழிந்து எலும்பு வரை தெரிந்தது, அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் அங்கிருந்துதான் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்: சூடான பாத்திரம், கூரான கல், ராத்திரி தூக்கத்தில் கடித்த எலி. கிருமி நரம்பைக் கொல்கிறது, வலி போகிறது, வலி இல்லாத கையை வாழ்க்கை தேய்த்துவிடுகிறது. பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார். இன்று அப்பா போடுகிற எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு முதலில் தொழுநோயாளிகளின் பாதத்துக்காகப் புழக்கத்துக்கு வந்ததுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது: தினமும் ராத்திரி பாதத்தைப் பார்ப்பது, அடிப்பக்கம் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்து. செருப்பைப் போடும் முன் தட்டி, கையை விட்டுப் பார்ப்பது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது, உணர்ச்சி இல்லாத பாதம் கொப்பளித்தாலும் தெரியாது. வருடம் ஒருமுறை மருத்துவரிடம் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும், அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அந்தக் குறைவே தனியாகவும் நரம்பைக் கெடுக்கும். அதற்காகச் சத்து மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்காதீர்கள். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மிளகாய் நறுக்கினால் கை ஏன் எரிகிறது? சூடு எதுவும் இல்லையே?

நரம்பு முனையில் சூட்டை உணரும் வாசல் ஒன்று உண்டு, சுமார் 43 டிகிரியில் திறக்கும். மிளகாயின் கேப்சைசின் அதே வாசலைச் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடும், மூளைக்கு "சுடுது" என்றுதான் செய்தி போகும். டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் அந்த வாசலைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கும் தொடு உணர்வு வாசலைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் கிடைத்தது. தண்ணீரில் கேப்சைசின் சரியாகக் கரையாது. கையில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்பு போடுங்கள், வாய்க்கு மோர் குடியுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பக்கவாதமா, முகவாதமா?

நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள், புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது, அதனால் மூளையில் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டாலும் நெற்றி சுருங்கும். நெற்றியும் சேர்ந்து செயலிழந்து, கண்ணையும் மூட முடியாவிட்டால் பெரும்பாலும் முகத்தின் நரம்பே வீங்கிய முகவாதம், மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் பலன் அதிகம், பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சோதனையை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கோணியது எதுவானாலும் ஆஸ்பத்திரி, சந்தேகம் இருந்தால் பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

வாய் கோணல், ஒரு கை விழுவது, பேச்சு குழறல், இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் மணியைப் பாருங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான். பெரிய குழாய் அடைப்பு என்றால் ஒரு நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குப் போகும். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள், பின்னால் பெரிதாக வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இடது கை விழுந்தால் வலது மூளை. நரம்புத் தடங்கள் மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் பக்கம் மாறித்தான் தண்டுவடத்துக்கு இறங்குகின்றன.

வலிப்பு வந்தவர் கையில் சாவியைக் கொடுத்தால் நிற்கிறதே?

நிற்பது சாவியால் இல்லை. வலிப்பு என்பது மூளையில் ஏராளமான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து பொறி தட்டுவது, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிஷத்தில் தானே ஓய்ந்துவிடும். சாவி தேடி ஓடி வந்து கொடுக்கும் நேரமும் ஓயும் நேரமும் ஒன்றாகப் போகிறது, அவ்வளவுதான். சாவியைத் தேடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், பக்கத்தில் உள்ள கல்லையும் நாற்காலியையும் நகர்த்துங்கள். பல்லுக்கு நடுவே ஸ்பூன் வைக்காதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108.

பரீட்சைக்கு முன் வயிற்றைக் கலக்குவதும் நரம்புதானா?

ஆமாம். நாம் சொல்லாமலே ஓடும் தானியங்கு நரம்புகள் இரண்டு வகை. பரிவு நரம்புகள் ஓட, சண்டை போடத் தயார் செய்யும்: இதயம் வேகமாகும், உள்ளங்கை வியர்க்கும், வாய் வறளும். இணைப்பரிவு நரம்புகள் சாப்பாடு செரிக்க, ஓய்வெடுக்க. குடலின் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன, இணைப்பரிவில் முக்கியமான வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி வயிறு போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் இதயத்தை மெதுவாக்கும், அதனால் நிதானமாக, நீளமாக மூச்சை விடுவது உண்மையிலேயே உதவும். பிள்ளைக்குக் கலக்குகிறது என்றால் நடிக்கிறான் என்று திட்டாதீர்கள்.

"நரம்புத் தளர்ச்சி"க்கு என்ன மருந்து?

அப்படி ஒரு நோய் இன்றைய நரம்பியலில் இல்லை. 1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் களைப்பு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இதே பொருள் தரும் பெயர் ஒன்றைப் பரப்பினார். மருத்துவம் அந்த மூட்டையைப் பிரித்துத் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டது. நம் ஊர்ச் சுவர்களில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது, லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒருமுறை வருகிறவர்கள் அதை வைத்து இளைஞர்களைப் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறார்கள். தெளிவாகச் சொல்கிறேன்: விந்து வெளியேறுவதால் எந்த நரம்பும் தளராது. அந்தப் பயத்திலேயே தூக்கம் கெட்டு, கை நடுங்கி, அதை நோய் என்று நம்பி வாழும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

கை நடுக்கம் என்றால் எப்போது என்று பாருங்கள். காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது, கையெழுத்துப் போடும்போது இரண்டு கையும் நடுங்கி, அப்பாவுக்கோ பாட்டிக்கோ அது இருந்திருந்தால் பரம்பரை நடுக்கமாக இருக்கலாம். மடியில் சும்மா கிடக்கும்போது ஒரு பக்கம் மட்டும், பீடி உருட்டுவது போல நடுங்கினால், நடையும் மெதுவானால் பார்க்கின்சன்ஸ், 1817-லேயே ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதியது. டோபமைன் என்ற ரசாயனத்தைச் செய்யும் நரம்பணுக்கள் குறைவதால் வருவது, நல்ல மாத்திரைகள் உண்டு. தைராய்டு கூடினாலும் நடுங்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமா?

இல்லை, முழுவதும். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் இருக்கும்போதே உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தராது. நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி, அதில் பெரும்பகுதி பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளையில்.

வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளருமா?

எங்கே வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழை திரும்ப நீண்டு பழைய இடத்தைச் சேர்வதில்லை, அங்கே உள்ள சூழலே வளர்ச்சியைத் தடுக்கிறது. மிச்சமிருக்கும் தடங்களைப் பயிற்சியால் பழக்குவதுதான் வழி, பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபியை விடக்கூடாது என்பது இதனால்தான். ஆனால் கை கால்களில் ஓடும் நரம்பு வளரும், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. வெட்டிய முனைகளைச் சேர்த்துத் தைத்தால்தான் வழி தெரிந்து வளரும், தாமதமானால் அது போய்ச் சேரும்போது தசை காத்திருக்காது, வற்றிவிடும். அதனால் கையில் ஆழமான வெட்டு என்றால் ரத்தம் நின்றதும் வீட்டுக்கு வந்துவிடாமல், ஒவ்வொரு விரல் நுனியிலும் தொட்டால் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

என் சித்தி மகனுக்குப் பத்தொன்பது வயதில் ஜன்னல் கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, எதிலும் உணர்ச்சி இல்லை. அன்றைக்கே மைக்ரோஸ்கோப் வைத்துத் தைத்தார்கள். அப்புறம் வாரம் ஒருமுறை வந்து என் முன்னால் உட்கார்ந்து, தழும்பிலிருந்து விரல் பக்கமாகத் தட்டிக்கொண்டே வருவான். எந்த இடத்தில் தட்டினால் விரலில் கரண்ட் ஓடுகிறதோ அதுவரை இழை வளர்ந்துவிட்டது என்று கணக்கு, அங்கே பேனாவால் ஒரு கோடு. கோடு மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு நகர்ந்தது, அங்கிருந்து விரல் அடிக்கு வந்தது. பதினோராவது மாதம் சட்டைப்பையில் கையை விட்டு, பார்க்காமலே ஒரு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் பிரித்து எடுத்துக் காட்டினான். நடுவிரல் நுனி மட்டும் இன்னும் பஞ்சு மேல் துணி சுற்றித் தொடுகிற மாதிரி இருக்கிறது என்கிறான்.